பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு கார்

1983 டிசம்பர் 14 அன்று, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஒரு சிறிய வெள்ளைக் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். இந்தியாவில் வாடிக்கையாளரின் கைக்குப் போன முதல் மாருதி 800 அதுதான். 2010இல் இறக்கும்வரை ஹர்பால் சிங் அந்தக் காரைக் கைவிடவில்லை. அவருக்குப் பின் அது வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிக் கிடந்தது. பிறகு மாருதி நிறுவனமே அதை எடுத்துச் சென்று, தகடு முதல் சீட்டு வரை புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. காட்சிக்கு மட்டும்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட ஆணையையும் உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்ததையும் அடுத்து, பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் காருக்குத் தலைநகர்ச் சாலையில் இடமில்லாமல் போயிற்று.

பழைய காரை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையில் ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் புதுப்பிக்க நினைப்பது ஓடுவதற்கான வண்டியையா, வைத்திருப்பதற்கான பொருளையா? இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளாமல் மெக்கானிக்கிடம் போகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். எஞ்சினுக்கு ஒரு கணக்கு, பெயின்டுக்கு இன்னொரு கணக்கு, அப்பாவின் நினைவுக்கு வேறொரு கணக்கு என்று மூன்றையும் ஒரே பில்லில் எழுதிவிட்டு, கடைசியில் 'இந்தக் காசுக்கு வேறு காரே வாங்கியிருக்கலாமே' என்று தலையில் கை வைக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் ஒரு காருக்கு மூன்று வயதுகள் முக்கியம். பதினைந்து ஆனதும் பதிவு காலாவதியாகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இதன்மேல் பசுமை வரியும் உண்டு. அடுத்த முக்கிய வயது ஐம்பது. ஐம்பது வயதைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் காரை 2021இல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அதற்கு ஒரு விலையும் இருக்கிறது: கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது.

ஆக, பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள், கார் ஒரு திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குகிறது. வண்டியாகப் பார்த்தால் கிழம்; பாரம்பரியமாகப் பார்த்தால் பிஞ்சு. முதல் மாருதியே 2033இல்தான் ஐம்பதைத் தொடும். நம் வீட்டு வாசல்களில் நிற்கும் 800, ஜென், சான்ட்ரோ, ஐகான் எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. எனவே 'வைத்திருந்தால் பிற்காலத்தில் விலை ஏறும்' என்ற வாதத்தை இங்கேயே மூட்டை கட்டிவிடலாம். லட்சக்கணக்கில் தயாரான ஒரு காருக்கு அந்த யோகம் அடிக்கும் என்று நம்பிப் பணம் போடுவது லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றதுதான்.

சரி, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? எல்லோரும் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள். அது தவறான இடம். எஞ்சின் கழற்றக்கூடிய பொருள். மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் குடும்பம் ஆல்டோவிலும் ஆம்னியிலும் பல காலம் ஓடியது; பிஸ்டன் ரிங், காஸ்கெட், கிளட்ச் பிளேட் என எதுவும் இன்னும் பஞ்சமில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, சைலன்சரில் நீலப் புகையா, கம்ப்ரஷன் எவ்வளவு என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். கெட்டிருந்தால் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வேறு எஞ்சின் கிடைக்கும்.

முதலில் போக வேண்டியது தகடு வேலை செய்யும் டிங்கரிடம். மாருதி போன்ற கார்களில் உடலைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. தரை, தூண், கூரை, சக்கரத்தின் மேல்வளைவு எல்லாத் தகடுகளும் ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. அந்தக் கூடுதான் கார். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, கால் வைக்கும் தரை, முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே போய் முட்டும் கிண்ணம், பேட்டரிக்கு அடியில் இருக்கும் தட்டு ஆகிய நான்கும் துரு முதலில் குடியேறும் இடங்கள். கதவில் வரும் துரு கண்ணுக்குத்தான் உறுத்தல். ஷாக் அப்சார்பர் கிண்ணத்தில் வரும் துரு உயிருக்கு உறுத்தல்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கிறது. பிறகு வண்டியை ஏற்றி நிறுத்தி, அடியில் ஒரு ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்ல தகடு. 'பொத்' என்றால் அண்டர்கோட்டிங் பூச்சுக்குள் மாவாகிவிட்ட தகடு. நானே ஒருமுறை இருபது வயது ஹாட்ச்பேக் ஒன்றின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது கீழே சாலை தெரிந்தது. அதன் எஞ்சினோ அருமை. கடிகாரம் போல ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் உரிமையாளர் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்.

பெயின்ட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய காரைச் சீர்செய்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வதும் அதுதான், கடைசியில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல் மேலே பட்டி பூசி அடித்த பெயின்ட், இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் நின்ற காருக்கு ஒரு மழைக்காலமே போதும். அதே வயதுள்ள கார் கோயம்புத்தூரில் மூடிய கொட்டகைக்குள் நின்றிருந்தால், அடித்தகடு அசல் பூச்சோடு பளிச்சென்று இருக்கும். காரின் வயதைவிட அது நின்ற ஊரின் காற்று முக்கியமாகிவிடுகிறது.

தகடு எவ்வளவு போயிருக்கிறது என்பதைவிட எங்கே போயிருக்கிறது என்பதே முடிவைச் சொல்லும். வெளித்தகட்டில் மட்டும் துரு என்றால் வெட்டி ஒட்டலாம். தரையின் ஒரு பக்கம் என்றாலும் நல்ல வெல்டர் கையில் சரியாகும். கிண்ணம், குறுக்குத் தண்டு, ரன்னிங் போர்டின் உள்தகடு மூன்றும் சேர்ந்து போயிருந்தால், அந்தக் கூட்டை மறுபடி நேராகக் கட்டுவது தெருமுனைப் பட்டறையில் நடக்கும் காரியமல்ல. தொழிற்சாலையில் அளவுச் சட்டகத்தில் பொருத்தி அளவு பிசகாமல் வெல்டு செய்ததை, ஜாக்கியில் தூக்கி வைத்துக் கண்ணால் பார்த்து வெல்டு செய்தால் நேர்ச்சாலையிலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். டயர் தேய்வதும் அலைன்மென்ட் நிற்காததும் அதற்கப்புறம் வரும் தொல்லைகள்.

இதற்கு நேர்மாறாக ஒரு பழைய உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. உடலைப் போல்ட் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு, சேசிஸைத் தனியாகச் சுத்தம் செய்து, மறுபடி மேலே உட்கார வைக்கலாம். புதுப்பிக்கிறவர்கள் அந்தக் காரை விரும்புவதற்கு அழகு பாதிக் காரணம் என்றால், இந்தக் கட்டுமானம் மீதிப் பாதி. ஆனால் அதற்கும் ஒரு முள் இருக்கிறது: நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்காகவே செய்யப்பட்டது. இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் ஹெரால்டின் உதிரிபாகங்களை வரவழைத்தாலும் பின்கதவு வராது. எந்தக் காரைக் காப்பாற்ற முடியும் என்பது கடைசியில் எந்தப் பாகம் எங்கே கிடைக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் அம்பாசடரின் கதை வேறு. உத்தர்பாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. ஆனால் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வடிவத்தையே அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாக மாற்றாமல் தயாரித்ததால், வெவ்வேறு காலத்து வண்டிகளின் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்திப் போகின்றன. கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். மாறாமல் இருந்ததைக் குறையாகச் சொன்னோம். பழுதுபார்ப்பில் அதுவே வரமாயிற்று. செவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நிறுவனங்களின் கார்களை வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஹெட்லைட், பம்பர், ஏசியின் உள்பாகங்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவற்றுக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஒரு விபத்தில் ஹெட்லைட் உடைந்து, அதைத் தேடி மூன்று ஊர் அலையும்போதுதான் அந்தக் கவலையின் பொருள் புரியும்.

2000க்குப் பிறகு வந்த கார்களில் இன்னொரு எதிரி வயரிங். கார்புரேட்டர் காலத்து வண்டியில் எலி கடித்தால் ஒரு விளக்கு எரியாது. கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கடித்தால் கார் நகராது. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைத்த கார்களின் பானெட்டுக்குள் கூடு கட்டுவதில் நம் ஊர் எலிகளுக்கு இணையில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025இலிருந்து நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. எனவே மைலேஜ் சற்றுக் குறையும். அதைவிட முக்கியம், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட நாள் நின்ற காரின் இரும்பு டாங்கின் அடியில் அந்த ஈரம் துருவாக மாறுகிறது. பழைய ரப்பர்க் குழாய், கார்புரேட்டரின் டயாஃப்ரம், காஸ்கெட் எல்லாம் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி இளகிப்போகின்றன. பழைய வண்டியை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், பெட்ரோல் குழாய்களை மாற்றுவது பெயின்டுக்கு முந்தைய வேலை. வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவது தீவிபத்துக்கு வைக்கும் அழைப்பு.

இனி பணம். 'காரின் விலையே அறுபதாயிரம், அதற்குத் தொண்ணூறாயிரம் செலவா?' என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். கணக்காக அது தப்பு. செலவை ஒப்பிட வேண்டியது காரின் விற்பனை விலையோடு அல்ல, அந்தக் காருக்குப் பதிலாக வரப்போகும் காரின் ஆண்டுச் செலவோடு. ஆறு லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கையிலிருந்து, ஐந்து லட்சம் ஒன்பது சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன். மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய். வட்டி மட்டும் 1.2 லட்சத்துக்கு மேல். ஐந்தாண்டு கழித்து கார் பாதி விலைக்குப் போனால் மூன்று லட்சம் கரைந்திருக்கும். இரண்டையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 84,000 ரூபாய்க்கு மேல். பெட்ரோல், காப்பீடு எதுவும் இதில் சேரவில்லை. பழைய காருக்குச் செய்யும் தொண்ணூறாயிரம் மூன்று ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு முப்பதாயிரம். அவ்வப்போது வரும் சில்லறை வேலைகளுக்கு இன்னொரு இருபதாயிரம் போட்டாலும், புதுக் கார் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு உயிர்நிலை இருக்கிறது: 'மூன்று ஆண்டு தாங்கினால்'. தகடு நன்றாக இருக்கும் வண்டியில்தான் அது உண்மை. தகடு போன வண்டியில் தொண்ணூறாயிரம் முதல் தவணை மட்டுமே. புதுக் காரின் தவணைக்கு முடிவுத் தேதி இருக்கிறது, இதற்கு இல்லை.

வாங்குவதென்றால் இரண்டாம் கைக் காரும் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு வாங்கி, ஐந்தாண்டில் ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்கு முப்பதாயிரம்தான் தேய்மானம். சில்லறை வேலைகளை விட்டுப் பார்த்தால் பழைய காரின் செலவும் அதேதான். அப்படியானால் அதுதான் சிறந்ததா? சொந்தக் காரின் வியாதிகள் உங்களுக்குத் தெரியும். வாங்கும் காரின் வியாதிகள் விற்றவருக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கப் போகும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தில் துரு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று பொருள்.

காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. காருக்கு ஐந்து வயதாகும்வரை அதன் மதிப்புக்குத் தேய்மான அட்டவணை உண்டு. அதற்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். நீங்கள் இரண்டு லட்சம் செலவழித்துப் புத்தம் புதிதாக்கிய காருக்கும் அந்த மதிப்பு எழுபதாயிரமாகவே இருக்கலாம். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிடுவார்கள். பின்னால் வந்த ஒரு லாரி லேசாக இடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். எனவே பழைய காரில் போடும் பணம் திரும்பி வராத பணம். அதை ஒப்புக்கொண்டு போடுவதில் தவறில்லை. சொத்து என்று எண்ணிப் போடுவதுதான் தவறு.

இதுவரை சொன்னதைக் கேட்டால் பழைய காரின் பக்கம் நான் சாய்வது தெரியும். என்னை மறுபக்கம் இழுப்பது ஒன்றே ஒன்று: பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியச் சந்தைக்கான சில சிறிய கார்களை, காற்றுப்பை இல்லாத அடிப்படை வடிவில், மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800 உட்பட எல்லாமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. மாருதி 800 அதைவிடப் பழைய வடிவமைப்பு. பூட்டிக்கொள்ளாத பிரேக்கான ஏபிஎஸ் எல்லாப் புதிய கார்களுக்கும் 2019 ஏப்ரலில் கட்டாயமானது; ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில். அதற்கு முந்தைய எந்த அடிப்படை மாடலையும் எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும், அதைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குத்தான் கொண்டுபோக முடியும். அந்த நாளின் நிலையே போதாது என்றால் என்ன செய்வது? காற்றுப்பையை வாங்கி மாட்ட முடியாது. மோதலில் நசுங்கும் பகுதியும் நசுங்காத பகுதியும் தகட்டின் வடிவத்திலேயே எழுதப்பட்டவை.

இதனால்தான் கார் எங்கே ஓடுகிறது என்பது முடிவின் பாதி. மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்கும், காய்கறிச் சந்தைக்கும், ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்குள்ளும் ஓடுகிற கார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் போகிற கார் என்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அதை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது இந்த முடிவைச் சற்று எளிதாக்கியிருக்கிறது.

வைத்துக்கொள்கிறவர்களுக்கு வேலையின் வரிசை: பிரேக்கும் அதன் எண்ணெயும், டயர், தண்ணீர்க் குழாய்களும் ரேடியேட்டரும், பெட்ரோல் குழாய், அடித்தகடு, சஸ்பென்ஷனின் ரப்பர்ப் புஷ்கள், எஞ்சின், கடைசியில் பெயின்ட். டயரில் பூ எனப்படும் பள்ள வரிகள் நன்றாக இருக்கின்றன என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்ந்து சாவதில்லை. வயதாகி வெடித்துச் சாகிறது.

கொடுத்துவிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காயலான் கடைக்காரர் ரொக்கத்தை நீட்டுகிறார் என்று வண்டியையும் ஆர்.சி. புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆவணப்படி அந்தக் கார் இன்னும் உங்கள் பெயரில்தான் உயிரோடு இருக்கும். அதன் எண்ணை ஒரு திருட்டுக் காரில் மாட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். புதிய வண்டியைப் பதியும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் விலக்கு. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் மாநிலங்களுக்கு மத்திய விதிகள் இடம் தருகின்றன. பதிவை ரத்து செய்த ஆணையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் கணக்கை மூடுங்கள். முழுக் காப்பீடு எடுத்து, கோரிக்கை இல்லாமல் பல ஆண்டுகள் ஓட்டியிருந்தால், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கினால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதை எடுத்துப் போகலாம்.